மாநிறம் என்று எழுதலாமா?

கேள்வி: மகளுக்கு வரன் பார்க்கிறோம். ஊட்டியில் ஒரு செடி நர்சரியில் வேலை செய்கிறாள். தரகர் கொடுத்த படிவத்தில் நிறம் என்ற இடத்தில் 'மாநிறம்' என்று எழுதினேன். "கறுப்பு என்று சொல்லக் கூச்சப்படுகிறவர்கள் எழுதுவது அது. சிவப்பு என்றே போடுங்கள் அண்ணி" என்கிறாள் நாத்தனார். பூசிக்கொள்ள ஒரு கிரீமும் வாங்கி வந்திருக்கிறாள். மாநிறம் என்றால் உண்மையில் என்ன?
- கோத்தகிரி வாசகி

பதில்: நாத்தனார் சொல்வதில் பாதி உண்மை. வரன் விளம்பரங்களில் இந்த வார்த்தையை ரப்பர் மாதிரி இழுக்கிறார்கள். நல்ல கறுப்பும் மாநிறம், கோதுமை நிறமும் மாநிறம். ஆனால் வார்த்தை பிறந்தபோது அதில் கூச்சம் ஏதும் இல்லை. 'மா' என்றால் கருமை. திருமாலுக்கு மாயோன் என்று பேர் வந்ததும் அதனால்தான். சங்கப் பாடல்களில் பெண்ணின் மேனி நிறத்துக்கு மாமை என்று பெயர். குறுந்தொகை 27-ஆம் பாட்டில், கன்றும் குடிக்காமல், கலத்திலும் விழாமல் மண்ணில் சிந்திய பாலைப் போல, தன் மாமை அழகு தனக்கும் ஆகாமல் தலைவனுக்கும் உதவாமல் பசலைக்கு இரையாகிறதே என்கிறாள் வெள்ளிவீதியாரின் தலைவி. பசலை என்பது மேனி வெளிறிப்போவது. ஐயோ, வெளுத்துவிட்டேனே என்பதுதான் அவள் கவலை!

மாமையை மாந்தளிரின் நிறம் என்று விளக்குவதும் உண்டு. மேட்டுப்பாளையம் பக்கம் இறங்கும்போது மாமரம் துளிர்விட்டிருந்தால் ஒரு கொழுந்தைக் கையில் வாங்கிப் பாருங்கள். பச்சையே தெரியாது, செம்பும் பழுப்பும் கலந்து மினுமினுக்கும்.

இன்றைய பேச்சில் மாநிறம் என்பது கறுப்புக்கும் சிவப்புக்கும் நடுவில். சில ஊர்களில் புதுநிறம் என்பார்கள். இதில் குத்தல் கிடையாது. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்கிறார்களே, அந்த 'இருந்தாலும்'தான் குத்தும். மகள் மாநிறம் என்றால் அப்படியே எழுதுங்கள். கறுப்பு என்றால் கறுப்பு. சிவப்பு என்று மட்டும் போடாதீர்கள், பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கண் இருக்கிறது. என்னைக் கேட்டால் அந்த இடத்தைக் காலியாகவே விடலாம், போட்டோதான் போகிறதே. ஸ்டுடியோவில் முகத்தை வெளுப்பாக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அப்புறம், இதில் அவள் என்ன சொல்கிறாள்? உங்கள் கடிதத்தில் அவள் பேச்சே இல்லை.

நர்சரி வேலை என்றால் வெயில் உண்டு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் புறஊதாக் கதிர் ஏறத்தாழ 10 சதவீதம் கூடும். குளிரில் சூடு உறைக்காததால், முகம் கறுப்பதே தெரியாது. அகல விளிம்புத் தொப்பி போதும்.

கிரீம் விஷயம்தான் எனக்குக் கவலை. டியூபில் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபிட்டசோல் என்று ஏதாவது இருந்தால் அது ஸ்டீராய்டு. முதலில் பளிச்சென்று காட்டும். நாள்பட்டால் தோல் மெலிந்து சிவந்து, பரு கிளம்பும். ஏற்கெனவே பூச ஆரம்பித்திருந்தால், அந்த டியூபையும் கையோடு எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள்.