அப்பாவுக்கு ஹாஸ்பிஸ் (குணமாகாத நோய்க்கு கடைசிக் காலப் பராமரிப்பு) ஆரம்பிச்சிருக்கோம் (அமெரிக்கா). சாப்லின் (ஆன்மிக ஆறுதல் தர்றவர்) வரலாமான்னு கேக்குறாங்க. நாங்க இந்து. அவர் எதுக்கு, வேண்டாம்னு சொல்லலாமா?

தாராளமா வேண்டாம்னு சொல்லலாம், யாரும் கட்டாயப்படுத்த மாட்டாங்க. ஆனா அதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க.

நான் நியூஜெர்சியில ஹாஸ்பிஸ் நர்ஸ். வீடு வீடா போற வேலை, அதுல நம்ம ஆளுங்க வீடும் நிறைய வரும். அட்மிஷன் அன்னிக்கு எல்லா பேப்பர்லயும் கையெழுத்து வாங்கிட்டு கடைசியா "சாப்லின் விசிட் வேணுமா"ன்னு கேப்போம், உடனே பையனோ பொண்ணோ கட்டில்ல படுத்திருக்கறவரை ஒரு வார்த்தை கேக்காம "நோ தேங்க்ஸ், நாங்க ஹிண்டு"ன்னு முடிச்சிடுவாங்க. கேள்வி என்னவோ அப்பாகிட்ட கேட்டது, பதில் சொல்றது பிள்ளைங்க. நீங்களாவது விசாரிக்கறீங்களே.

முதல்ல அந்த பயத்தைப் பேசிடுவோம். சாப்லின்னா பைபிளும் கையுமா வந்து, அப்பாவுக்கு நினைவு தப்பற நேரம் பாத்து தலையில தண்ணி தெளிச்சு ஞானஸ்நானம் கொடுத்துடுவார்னு நிறைய பேர் நினைக்கறாங்க. இங்க இருக்கற பெரிய சாப்லின் சங்கங்கள் எல்லாம் சேர்ந்து 2004லயே ஒரு பொது நெறிமுறையை ஏத்துக்கிட்டாங்க, தன்னோட மதத்தை நோயாளி மேல திணிக்கக் கூடாதுங்கறது அதுல தெளிவா இருக்கு. போர்டு சர்டிஃபிகேட் (சாப்லின் சங்கம் தர்ற தகுதிச் சான்று) வாங்கின சாப்லின்னா மாஸ்டர்ஸ் டிகிரி முடிச்சு, அதுக்கு மேல ஆஸ்பத்திரியிலயும் ஹாஸ்பிஸ்லயும் நாலு யூனிட் ட்ரெய்னிங், ஒரு யூனிட்டுக்கே 400 மணி நேரம். அந்த ட்ரெய்னிங்ல பெரும்பாடு என்ன தெரியுமா, வாயை மூடிட்டு கேக்கறதுக்குப் பழகறதுதான். நோயாளிகிட்ட பேசினதை வரிக்கு வரி எழுதிட்டு வந்து குரூப்ல வைக்கணும், "அவர் அழ ஆரம்பிச்ச இடத்துல நீ ஏன் பேச்சை மாத்தினே"ன்னு ஆளாளுக்குப் பிடிச்சு கிழிப்பாங்க. இந்த முறைக்கு வித்து போட்டவர் ஆன்டன் பாய்சன்னு ஒரு பாதிரியார், 1925ல மாசசூசெட்ஸ்ல வூஸ்டர் மனநல ஆஸ்பத்திரியில இறையியல் மாணவர்களை வார்டுக்கு அனுப்பி நோயாளிகளைக் கேட்டுப் படிங்கடான்னு சொன்னவர். அவரே மனநோய் வந்து ஆஸ்பத்திரியில படுத்து எழுந்தவர்தான், அதனாலதான் அந்த யோசனையே வந்திருக்கும்னு எனக்குத் தோணும்.

ஆனா எல்லாருமே யோக்கியம்னும் சொல்ல மாட்டேன். மெடிகேர் (அமெரிக்க அரசோட மூத்தோர் மருத்துவக் காப்பீடு) ஹாஸ்பிஸ்காரங்களை ஆன்மிக ஆலோசனை கொடுக்கச் சொல்லுதே தவிர, சாப்லின் போர்டு சர்டிஃபிகேட் வச்சிருந்தே ஆகணும்னு கேக்கறதில்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு வீட்டுல வேற ஏஜென்சியிலேர்ந்து வந்த ஒருத்தர் ஒரு வார்த்தை கேக்காம கண்ணை மூடி இயேசு நாமத்துலன்னு ஜெபம் ஆரம்பிச்சிட்டார், அந்த அம்மா பாவம் மரியாதைக்குக் கையெடுத்துக் கும்பிட்டுக்கிட்டே இருந்தாங்களாம், சாயங்காலம் பொண்ணு போன் போட்டு சத்தம் போட்டு ஆளை மாத்தினாங்க. அதனால நீங்க கேட்டுடுங்க, போர்டு சர்டிஃபிகேட் இருக்கா, இந்து குடும்பங்களைப் பாத்து பழக்கம் இருக்கான்னு. கேக்கறது உங்க உரிமை. பிடிக்கலைன்னா மாத்தச் சொல்றதும் அப்படித்தான். காசும் தனியா கிடையாது, 1982ல அமெரிக்க காங்கிரஸ் மெடிகேர்ல ஹாஸ்பிஸை கொண்டு வந்ததுலேர்ந்து நர்ஸ், சோஷியல் ஒர்க்கர், ஆலோசனை எல்லாம் மெடிகேர் ஹாஸ்பிஸுக்குக் கொடுக்கற ஒரே நாள்கூலிக்குள்ள அடக்கம், வேண்டாம்னு சொன்னா ஒரு டாலர்கூட மிச்சம் ஆகாது.

சரி, வந்து என்னதான் பண்ணுவார்? ஒரு வீட்டுல நடந்ததைச் சொல்றேன், ஆள் தெரியாம இருக்க விவரங்களை மாத்திட்டேன்.

தாத்தா ஊர்ல வாத்தியாரா இருந்தவர், கணையத்துல புற்றுநோய். மார்ஃபின்ங்கற பலமான வலி மருந்து, சொட்டு மருந்து பாட்டில் ஃபிரிட்ஜ்ல இட்லி மாவு டப்பா பக்கத்துல சீல் பிரிக்காம இருக்கு. வலி பத்துக்கு எவ்வளவுன்னு கேட்டா மூணும்பார், கை என்னவோ கட்டில் கம்பியை விரல் வெளுக்கற அளவு பிடிச்சிருக்கும். நானும் தமிழ்ல எவ்வளவோ சொல்லிப் பாத்தேன், போதை ஆகாது தாத்தா, மூச்சு நின்னுடாது, சின்ன டோஸ்லதான் ஆரம்பிப்போம்னு. "வேண்டாம்மா, இது நான் அனுபவிச்சுத் தீர்க்க வேண்டியது"ன்னுட்டார். பையன் ஒரு பக்கம் கத்தறார், மருமகள் ஒரு பக்கம் அழறாங்க. சாப்லினை ஏற்கெனவே வேண்டாம்னு சொன்ன வீடுதான் அது, நான் தாத்தாகிட்ட நேராவே கேட்டேன், ஒருத்தர் வந்து சும்மா பேசிட்டுப் போவாங்க, வரச் சொல்லட்டுமான்னு. "யாரா இருந்தா என்ன, வரட்டும், இங்க யாரு பேசறா"ன்னார்.

வந்தவங்க அறுபது வயசு வெள்ளைக்கார அம்மா, பிரெஸ்பிடீரியன்ங்கற கிறிஸ்தவப் பிரிவு. வாசல்ல எங்க செருப்பைப் பாத்துட்டு அவங்களும் ஷூவைக் கழட்டினாங்க. நாங்க நர்ஸுங்க நின்னுக்கிட்டேதான் எல்லாம் பண்ணுவோம், பிபி, நாடி, மருந்து லிஸ்ட், அடுத்த வீடு. அவங்க ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு தாத்தா கண்ணுக்கு நேரா உக்காந்துட்டாங்க. கடவுள் பேச்சே எடுக்கல, சுவத்துல இருந்த பள்ளிக்கூட குரூப் போட்டோவைக் காட்டி இதுல நீங்க எதுன்னுதான் கேட்டாங்க. மொழிக்கு போன்ல இன்டர்பிரட்டர், ஸ்பீக்கர்ல போட்டா அந்தப் பக்கம் யாழ்ப்பாணத்துக்காரர் போல, "ஐயா, இதில நீங்கள் எங்க நிக்கிறியள் எண்டு கேக்கினம்"னார், தாத்தா திருநெல்வேலி, முகத்துல ஒரு சிரிப்பு வந்துச்சு பாருங்க, அதுக்கு முன்னாடி நான் அவர் சிரிச்சே பாத்ததில்ல.

நீயே தமிழ்தானே, நீ மொழிபெயர்க்க வேண்டியதுதானேன்னு கேப்பீங்க. தமிழ் தெரிஞ்சதுதான் பிரச்சினையே. நான் நம்ம ஆள், நாளைக்கு தமிழ்ச்சங்கப் பொங்கல்ல அவர் பையனும் நானும் ஒரே வரிசையில தட்டோட நிப்போம், என்கிட்ட எப்படி மனசுல இருக்கறதைச் சொல்வார்? பையனை மொழிபெயர்க்க வச்சா இன்னும் மோசம், பையனைப் பத்தின விஷயமாவே இருந்துட்டா? முன்பின் தெரியாதவங்ககிட்டதான் மனுஷன் சிலதைக் கொட்டுவான், ரயில்ல பக்கத்து சீட்டுக்காரர்கிட்ட சொல்ற மாதிரி. இதுக்காகவே சாப்லின் வர்ற நேரத்துல பிள்ளைங்க கடைக்குப் போறது நல்லது.

தாத்தா என்ன சொன்னார்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் முழுசா தெரியாது. சார்ட்டுல (நோயாளியோட குறிப்பேடு) அந்தம்மா எழுதினது ரெண்டே வரி: இந்த வலி தனக்கு வர வேண்டியதுதான்னு நம்பறார், தங்கச்சியோட பேச விரும்பறார். கதையை எழுதல, எழுதவும் மாட்டாங்க. அப்புறம் பையன் சொல்லித்தான் சொத்துத் தகராறுல ரெண்டு பேரும் வருஷக்கணக்கா பேச்சுவார்த்தை இல்லைன்னு தெரிஞ்சுது. சாப்லின் பையனைக் கேட்டு, நம்பர் பிடிச்சு, ஊர்ல விடியற நேரம் பாத்து வாட்ஸ்அப் வீடியோ போட வச்சாங்க, அன்னிக்கு நான் காதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாத்த வந்திருந்தேன். நிலம், கேஸ், பங்கு எதைப் பத்தியும் ஒரு பேச்சு இல்ல. அந்தப் பாட்டி "என்னண்ணே இப்படி எலும்பும் தோலுமா ஆயிட்டீய, கஞ்சியாவது குடிக்கியளா"ன்னு கேட்டுச்சு, அவ்வளவுதான். இதுக்கப்புறம் தாத்தா மகிழ்ச்சியா மருந்தைக் குடிச்சார்னு நான் எழுதினா அது சினிமா. ஒரு வாரம் கழிச்சு எடுத்துக்கிட்டார், அதுவும் பாதி டோஸ், அந்தப் பாதிக்கும் என்கூட சண்டை.

லண்டன்ல 1967ல செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கின சிசிலி சாண்டர்ஸ் சொன்னது இதைத்தான். அவங்க நர்ஸா இருந்து, அப்புறம் ஆஸ்பத்திரி சோஷியல் ஒர்க்கரா இருந்து, அதுக்கு மேல டாக்டருக்குப் படிச்சவங்க. சாகப் போறவரோட வலியில உடம்பு ஒரு பங்குதான், மனசு, குடும்பம், ஆன்மா எல்லாம் சேர்ந்ததுதான் மொத்த வலின்னாங்க. மார்ஃபினை எவ்வளவு ஏத்தியும் அடங்காத வலி வந்தா நாங்க இன்னிக்கும் டீம் மீட்டிங்ல முதல்ல கேக்கறது "சாப்லின் போனாங்களா?". 15 நாளைக்கு ஒரு தடவையாவது டாக்டர், நர்ஸ், சோஷியல் ஒர்க்கர், சாப்லின் எல்லாரும் உக்காந்து ஒவ்வொரு நோயாளியையும் பேசியே ஆகணும்னு விதி இருக்கு. தூக்க மாத்திரை கேக்கறவருக்கு தூக்கம் வராதது இல்ல பிரச்சினை, ராத்திரி தனியா செத்துடுவோமோன்னு பயம், லைட்டைப் போட்டு வைங்கன்னு சாப்லின் வந்து சொன்னப்புறம் மாத்திரையே தேவைப்படாத கேஸெல்லாம் உண்டு.

அப்புறம் செத்துப்போனவங்க வந்து நிக்கறது. உங்க அப்பாவும் சொல்லலாம், "எங்கம்மா அந்த மூலையில நிக்கறா"ன்னு. வீட்டுல அலறிடுவாங்க, வேப்பிலை கட்டுவாங்க, இல்லைன்னா டாக்டரைக் கூப்பிட்டு மருந்தால தலை கலங்கிடுச்சும்பாங்க. குழப்பம் வந்து கத்தறது, எழுந்து ஓடப் பாக்கறது வேற, அதுக்கு எங்களைக் கூப்பிடணும். ஆனா அமைதியா அம்மா வந்தாங்கன்னு சொல்றது ரொம்ப சாதாரணம். பஃபலோ ஹாஸ்பிஸ்ல கிறிஸ்டோபர் கெர் அப்படிங்கற ஒரு டாக்டரும் அவர் குழுவும் 59 நோயாளிகளை தினமும் கேட்டு 2014ல வெளியிட்ட ஆய்வுல 88 சதவீதம் பேர் இப்படி ஒரு கனவாவது காட்சியாவது வந்ததா சொல்லியிருக்காங்க, செத்துப்போனவங்களைப் பாத்ததுதான் அதிக ஆறுதலா இருந்துதாம். சாப்லின் இருந்தா "அப்படியா, அம்மா என்ன புடவை கட்டியிருக்காங்க"ன்னு கேப்பாங்க. நம்மால அது முடியாது, நமக்கு அழுகை வந்துடும்.

இனி நம்ம வீட்டு சங்கதிகள், இதுதான் உங்களுக்கு நேரடியா உதவும். இங்க நிறைய கோயில் அர்ச்சகர்கள் சாவு நேரத்துக்கு வீட்டுக்கு வர மாட்டாங்க, தீட்டு, அதோட கோயில் டியூட்டி. அபரக் காரியம் (இறப்புச் சடங்கு) பண்ற புரோகிதர் வேற ஆள், அவர் நம்பர் ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடினா கிடைக்காது. நல்ல சாப்லின் கையில இந்த நம்பர் எல்லாம் இருக்கும், எந்த ஃபியூனரல் ஹோம்ல நம்ம சடங்கு பண்ண விடுவாங்க, எந்த இடத்துல மூத்த பையன் தன் கையால தகன மெஷின் பட்டனை அமுக்கலாம்கறது வரைக்கும். கடைசி நேரத்துல பால் ஊத்தணும்பாங்க, கங்கா ஜலம்பாங்க. முழுங்க முடியாதவர் வாயில ஊத்தினா மூச்சுக்குழல்ல போயிடும், அதனால பஞ்சுக் குச்சியில நனைச்சு உதட்டுல தடவுங்க. ஆக்சிஜன் ஓடற ரூம்ல விளக்கு, ஊதுபத்தி, கற்பூரம் எதுவும் கூடவே கூடாது, பேட்டரி விளக்கு வைங்க. தரையில இறக்கிப் படுக்க வைக்கணும்னு வீட்டுல ஆசை இருந்தா முன்னாடியே சொல்லுங்க, கட்டிலை அடிமட்டத்துக்கு இறக்கி வைக்கவாவது முடியும். உயிர் போனதும் 911 (அவசர உதவி நம்பர்) அடிக்காதீங்க, ஹாஸ்பிஸ் நம்பருக்கு அடிங்க. தாலி, பூணூல், காப்புக் கயிறு எதை எடுக்கலாம் எதைத் தொடக் கூடாதுங்கறதையும் சாப்லின் கேட்டு சார்ட்டுல போட்டுட்டா, அன்னிக்கு எந்த நர்ஸ் வந்தாலும் பாத்து நடந்துக்குவாங்க.

அப்பாவுக்கு சாமி நம்பிக்கையே இல்லைன்னாலும் சரிதான். பெரியார் வழியில வந்த ஒருத்தர் வீட்டுல அந்தாள் சாப்லின்கிட்ட தெளிவா சொல்லி எழுதி வாங்கிட்டார், மந்திரம் கூடாது, புரோகிதர் கூடாது, மாலை வேணும்னா போட்டுக்கங்கன்னு. அவர் போனப்புறம் சொந்தக்காரங்க புரோகிதரைக் கூட்டிட்டு வரப் பாத்தாங்க, அந்தக் காகிதம்தான் தடுத்துச்சு.

இன்னொண்ணு, நம்ம ஆளுங்க யாரும் கேக்காதது. அப்பா போனப்புறமும் ஒரு வருஷம் வரைக்கும் குடும்பத்துக்குத் துக்க ஆறுதல் சேவை கொடுக்கணும், அது ஹாஸ்பிஸ் விதியிலயே இருக்கு, நிறைய இடத்துல சாப்லினேதான் போன் பண்ணுவாங்க. நீங்க ஆபீஸ் மீட்டிங்ல இருப்பீங்க, "வி ஆர் ஓகே"ன்னு வச்சிடுவீங்க, அம்மா வீட்டுல பகல் முழுக்க தனியா அந்த ரூமைப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதனால ஃபாரத்துல உங்க நம்பரோட அம்மா நம்பரையும் தனியா கொடுங்க, பக்கத்துலயே தமிழ் இன்டர்பிரட்டர் வேணும்னு எழுதச் சொல்லுங்க. இந்தியன்னு பாத்துட்டு ஹிந்திக்காரரைப் போட்டுடறாங்க.