இன்ஜினியரிங் படித்துவிட்டு வங்கி கிளார்க் வேலைக்குப் போகலாமா? தினசரி வேலை எப்படி இருக்கும்?

கேள்வி கேட்டவர் மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடம் ஆகிறதாம். ஒரு கம்பெனியில் பதினைந்தாயிரம் சம்பளம். வீட்டில் பேங்க் பரீட்சை எழுதச் சொல்கிறார்கள். "நாள் முழுக்க அடுத்தவன் காசை எண்ணியே ஆயுசு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது" என்று எழுதியிருக்கிறார்.

நான் 2014இலிருந்து எண்ணிக்கொண்டிருக்கிறேன். படித்தது இ.சி.இ. ஒரு பொதுத்துறை வங்கியில் கிளார்க், பெரும்பாலும் கேஷ் கவுண்டர். இப்போது அந்தப் பதவிக்கு 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பெயர்தான் மாறியிருக்கிறது, நாற்காலி அதேதான்.

போகலாமா என்றால், என்னைக் கேட்டால் போகலாம். ஆனால் நான் சொல்லும் காரணம் உங்கள் வீட்டில் சொல்லும் காரணமாக இருக்காது.

இதற்கு முன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு வருடம் இருந்தேன். யு.பி.எஸ். விற்கும் சின்ன கம்பெனி. விசிட்டிங் கார்டில் 'சர்வீஸ் இன்ஜினியர்', கையில் எட்டாயிரம். எங்காவது பெட்டி நின்றுபோனால் ராத்திரி பதினொரு மணிக்கும் போன் வரும். போய்ச் சரிசெய்வேன். நாலு நாளில் அதே பெட்டி, அதே கோளாறு. பேட்டரி மாற்றினால் தீரும், மாற்றக் காசு தரமாட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை ரூமில் துணி துவைக்கும்போதுகூட போனைப் பாலிதீன் பையில் சுற்றிப் பக்கத்தில் வைத்திருப்பேன். வேலை கஷ்டம் என்று சொல்ல மாட்டேன். அது முடியவே முடியாது, அதுதான் என்னைத் தின்றது.

கேஷ் கவுண்டரில் கதை வேறு. காலையில் ஹெட் கேஷியரிடம் கையெழுத்துப் போட்டுப் பணம் வாங்குவேன். நாள் முழுக்க வரும், போகும். சாயங்காலம் கம்ப்யூட்டர் ஒரு தொகை சொல்லும், என் மேசையில் ஒரு தொகை இருக்கும். இரண்டும் ஒன்றாக இருந்தால் "டேலி" என்று சத்தமாகச் சொல்வேன். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி. ஒன்று ஹெட் கேஷியரிடம், இன்னொன்று ஆபீசரிடம். இரண்டு பேரும் வந்து நின்றால்தான் கதவு திறக்கும். பணம் உள்ளே போய் அந்தக் கதவு மூடிவிட்டால், அப்புறம் நானே ஆசைப்பட்டாலும் வேலை செய்ய முடியாது. வீட்டுக்குப் போகலாம். மறுநாள் வேறு நாள்.

எனக்கு அது ஒத்துப்போனது. வேலை வீடுவரை கூடவே வந்தாலும் பரவாயில்லை, ஏதாவது புதிதாகச் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்று நினைக்கிற ஆளாக நீங்கள் இருந்தால், இந்த நாற்காலி ஆறு மாதத்தில் முள்ளாகிவிடும். சம்பளம், கௌரவம், பெண் கிடைக்குமா என்பதையெல்லாம் யோசிப்பதற்கு முன் இதை யோசியுங்கள்.

சரி, டேலி ஆகாத நாள்?

சேர்ந்த இரண்டாவது மாதம். சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் சரியாகப் பத்தாயிரம் குறைகிறது. மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறை எண்ணும்போது விரல் நடுங்கியது. அப்போது எங்கள் ஹெட் கேஷியர் ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்த ஒரு அம்மா. பக்கத்தில் வந்து, "காசை எண்ணாதீங்க தம்பி, அது அதேதான் இருக்கும். சீட்டைப் பாருங்க" என்றார். அதற்கப்புறம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான் இந்தத் தொழிலில் நான் கற்ற முதல் பாடம். 400 குறைந்தால் எங்கோ நூறு ரூபாய்த் தாளுக்குப் பதில் ஐந்நூறு போயிருக்கிறது. வித்தியாசம் ஒன்பதால் வகுபட்டால் எண்ணை இடம் மாற்றி அடித்திருக்கிறோமா என்று தேட வேண்டும், 5,400ஐ 4,500 என்று. சுளையாகப் பத்தாயிரம் என்றால் எண்ணியதில் தப்பில்லை, நூறு ரூபாய்க் கட்டு ஒன்று முழுசாக யார் கைக்கோ போய்விட்டது. நூறு தாள் ஒரு கட்டு, பத்துக் கட்டு ஒரு பண்டல்.

பணம் போட, எடுக்க எழுதிக்கொடுத்த சீட்டுகளையெல்லாம் பரப்பிப் பார்த்தோம். நூறு ரூபாய்க் கட்டு வாங்கிப்போனவர்கள் ஏழு பேர். போன் நம்பர் இருந்தவர்களுக்குப் பேசினோம். யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. கேமராவில் என் முதுகும் ஒரு தூணும்தான் தெரிந்தன. குறைந்தால் கேஷியர் தன் கையிலிருந்து கட்ட வேண்டும், அன்றைக்கே. அப்போது எனக்குக் கைக்கு வந்தது பதினாறாயிரத்துச் சொச்சம். பக்கத்து சீட்காரரிடம் கடன் வாங்கிக் கட்டினேன். யாரிடம் போனது என்று இன்றுவரை தெரியாது.

பணம் அதிகமாக இருந்தாலும் சந்தோஷப்பட முடியாது. அதைத் தனிக் கணக்கில் வரவு வைத்து, யாருடையது என்று தேட வேண்டும்.

அன்றிலிருந்து எந்தச் சீட்டாக இருந்தாலும் பின்பக்கம் எத்தனை ஐந்நூறு, எத்தனை நூறு என்று எழுதாமல் பணத்தைத் தொடுவதில்லை. கையில் கட்டு இருக்கும்போது யார் பேசினாலும் பதில் சொல்வதில்லை. "கேஷியருக்குத் திமிர்" என்று ஊரில் பேசிக்கொள்வது இதனால்தான் என்று நினைக்கிறேன். என் விஷயத்தில் அந்தத் திமிரின் விலை பத்தாயிரம் ரூபாய்.

மற்றபடி சாதாரண நாள் எப்படி என்றால், மாத ஆரம்பத்தில் பென்ஷன் கூட்டம். 2023 செப்டம்பரிலிருந்து பதினைந்தாம் தேதியை ஒட்டி மகளிர் உரிமைத் தொகைக் கூட்டம். நடுவில் நகைக்கடன், பாஸ்புக் பதிவு, கையெழுத்து மாறிப்போன தாத்தா, மூக்குக்கண்ணாடி மறந்துவந்த பாட்டி. எண்ணும் மெஷின் உண்டு, ஆனால் மீன்காரர் கொண்டுவரும் ஈர நோட்டில் அது திணறிவிடும், கையால்தான் எண்ண வேண்டும். நோட்டுத் தூசியில் எனக்கு வருடம் முழுக்கத் தும்மல். "லஞ்ச் முடிஞ்சு வாங்க" என்று மீம் போடுகிறவர்கள், நாங்கள் மூன்று மணிக்கு ஆறிப்போன சாம்பார் சாதத்தைப் பத்து நிமிடத்தில் விழுங்குவதை ஒரு நாள் வந்து பார்க்கலாம்.

மனசுக்குப் பிடிக்காத வேலையும் உண்டு. கள்ள நோட்டு வந்தால் திருப்பித் தரக்கூடாது. முத்திரை குத்தி, பறிமுதல் செய்து, ரசீது கொடுக்க வேண்டும். ஒரே தடவையில் ஐந்து அல்லது அதற்கு மேல் வந்தால் போலீசுக்குப் போக வேண்டும். ஒரு சித்தாள் ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார், அன்றைய கூலி. மேஸ்திரி கொடுத்தது. "திருப்பிக் குடுத்துடுங்க சார், அவர்கிட்டயே மாத்திக்கிறேன்" என்று நின்றார். முடியாது என்று தெரியும், சொல்ல வாய் வரவில்லை. கடைசியில் சொன்னேன். ரசீதை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போனார். அந்த ரசீதை வைத்து அவர் என்ன செய்திருப்பார்?

2016 நவம்பரைப் பற்றிச் சொல்லாமல் எந்த கேஷியரும் பேச்சை முடிக்க மாட்டார். 8ஆம் தேதி ராத்திரி, பழைய 500, 1,000 ரூபாய் நோட்டு செல்லாது என்று அறிவிப்பு. 9ஆம் தேதி பொதுமக்களுக்கு வங்கி மூடல். 10ஆம் தேதி ஷட்டரைத் தூக்கும்போதே வரிசை பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்தது. ஆளுக்கு நாலாயிரம் மாற்றலாம் என்றார்கள். நாலு நாளில் 4,500 ஆனது, அந்த வாரம் முடிவதற்குள் 2,000 ஆனது. நடுவில் விரலில் மை வைக்கச் சொன்னார்கள். 24ஆம் தேதியோடு மாற்றுவது நின்று, கணக்கில் போடுவது மட்டும் என்று ஆனது. காலையில் படித்த சுற்றறிக்கை சாயங்காலம் செல்லாது. திட்டு முழுக்க கவுண்டரில் இருப்பவனுக்கு. இரண்டாவது சனிக்கிழமையும் ஞாயிறும்கூடத் திறந்திருந்தோம்.

அந்த நாட்களில் என் மேசைக்கு வந்த நோட்டுகளுக்கு வாசனை இருந்தது. டிரங்குப் பெட்டியிலிருந்து வந்தவற்றில் பாச்சைக்குண்டு, சாமி அறையிலிருந்து வந்தவற்றில் கற்பூரம். அரிசிப் பானைக்குள் இருந்தவற்றை எண்ணும்போது விரலில் தவிடு ஒட்டும். ஐம்பது வயசிருக்கும் ஒரு அக்கா, பதினெட்டு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைச் செய்தித்தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். வீட்டுக்காரருக்குத் தெரியாமல் பல வருடமாகச் சேர்த்தது. கணக்கில் போடுகிறேன் என்றதும் கவுண்டர் ஓட்டையில் குனிந்து, "தம்பி, போட்டுக்குங்க. ஆனா பாஸ்புக்குல மட்டும் எழுதாதீங்க. அவரு படிச்சவரு" என்றார். பதிவு பாஸ்புக்கில் வராமல் இருக்க என்ன செய்ய முடியும்? இப்போதைக்குப் பிரிண்ட் போடாதீர்கள், அவர் வந்து போட்டால் வந்துவிடும் என்று உள்ளதைச் சொன்னேன். "அவரு பேங்குக்கெல்லாம் வரமாட்டாரு" என்று சிரித்தார். அந்த நாட்களில் நான் பார்த்த முதல் சிரிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

நாள் முழுக்கக் காசு எண்ணுவது பற்றிக் கேட்டீர்கள். எண்ணுவது மூன்று மாதத்தில் கைக்குப் பழகிவிடும், மூளைக்கு அதில் வேலையே இருக்காது. அந்தக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவரிடம் ஒரு நாளைக்கு நூறு தடவை எரிச்சல் இல்லாமல் பேசுவதுதான் நிஜமான வேலை. அது எனக்கு எல்லா நாளும் வருவதில்லை.

சம்பளம். வங்கிகளுக்கும் ஊழியர் சங்கங்களுக்கும் இடையே 2024 மார்ச்சில் கையெழுத்தான ஒப்பந்தப்படி கிளார்க்கின் ஆரம்ப அடிப்படைச் சம்பளம் 24,050, மேலே படிகள். ஆபீசருக்கு ஆரம்பமே 48,480. ஓய்வூதியம் பற்றி உங்கள் மாமா சொல்வதை நம்பாதீர்கள். 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்குப் பழைய பென்ஷன் கிடையாது, நம் சம்பளத்திலும் பிடித்துச் சேர்க்கும் என்.பி.எஸ். திட்டம்தான்.

ஆபீசர் சம்பளம் இரண்டு மடங்கு என்றால் ஏன் புரமோஷன் வாங்கவில்லை என்று கேட்பீர்கள். என் மாமனார் ஒவ்வொரு பொங்கலுக்கும் கேட்கிறார். "மாப்பிள்ளை பேங்க்ல இருக்காரு" என்று பெருமையாக ஆரம்பிப்பார். "ஆபீசரா?" என்று எதிராளி கேட்டதும் காப்பியை எடுக்க உள்ளே போய்விடுவார். இரண்டு முறை சுற்றறிக்கை வந்தது, நான் விண்ணப்பிக்கவில்லை. ஊர் மாற்றம் ஒரு காரணம்தான், பெரிய காரணம் அது இல்லை. எங்கள் கிளையில் ஆபீசர்களைப் பார்க்கிறேன். இன்சூரன்ஸ் இத்தனை பாலிசி, டெபாசிட் இவ்வளவு, வராக்கடன் வசூல் இவ்வளவு என்று ராத்திரி ஒன்பது மணிக்கும் வாட்ஸ்அப்பில் கணக்குக் கேட்கிறார்கள். அவர்களுக்கு டேலி என்று ஒன்று இல்லை. இந்த மாத இலக்கைத் தொட்டால் அடுத்த மாதம் அது ஏறும். எனக்கு அந்தப் போனைப் பாலிதீன் பையில் சுற்றிய ஞாபகம் வந்துவிடுகிறது. கிளார்க்குக்கும் இன்சூரன்ஸ் தொல்லை உண்டு, இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் தலையில் முழுசாக விடியாது.

இதற்கு நான் கொடுக்கும் விலையும் சின்னதில்லை. எனக்குப் பின்னால் சேர்ந்த பையன் இன்று என் மேனேஜர். என் லீவு விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். நல்ல பையன், "அண்ணே" என்றுதான் கூப்பிடுகிறார். இருந்தாலும் அந்தக் கையெழுத்தைப் பார்க்கும்போது சில நாள் சுருக்கென்று இருக்கும்.

பரீட்சை பற்றி இரண்டு வார்த்தை. பொதுத்துறை வங்கிகளுக்கு ஆள் எடுக்கும் ஐ.பி.பி.எஸ். நடத்தும் கிளார்க் தேர்வுக்கு ஏதாவது ஒரு பட்டம் போதும். வயது 20 முதல் 28, ஓ.பி.சி.க்கு மூன்று வருடமும் எஸ்.சி., எஸ்.டி.க்கு ஐந்து வருடமும் சலுகை. முதல்கட்டத் தேர்வான பிரிலிம்ஸில் 100 கேள்வி, ஒரு மணி நேரம், தப்புக்குக் கால் மார்க் போகும். கிளார்க்குக்கு இன்டர்வியூ கிடையாது. தமிழ்நாட்டு இடத்துக்குத் தமிழ் படிக்க, எழுத, பேசத் தெரிந்திருக்க வேண்டும். பி.சி., எம்.பி.சி. ஆட்கள் நம் மாநிலச் சான்றிதழை மட்டும் வைத்துக்கொண்டு போய் நிற்காதீர்கள், மத்திய அரசுக்கான ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். தாலுகா ஆபீசுக்கு இப்போதே ஒரு நடை போய்விடுங்கள்.

அதோடு இன்னொரு இடத்துக்கும் ஒரு நடை. அடுத்த மாதம் முதல் வாரம், உங்கள் ஊர்க் கிளையில் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை சும்மா ஒரு பெஞ்சில் உட்காருங்கள். ஃபேனுக்குக் கீழே உள்ள இடம் கிடைக்காது, பென்ஷன் தாத்தாக்கள் பிடித்திருப்பார்கள். வரிசையைப் பார்க்காதீர்கள், கண்ணாடிக்கு உள்ளே இருக்கிற ஆளை மட்டும் பாருங்கள். முடிந்தால் நாலரை மணிக்கு மறுபடி வந்து, டேலி ஆகும்போது அவர் முகத்தையும் பார்த்துவிடுங்கள்.