ஹாகிங், சாகிங் இரண்டுக்கும் ஒரே விடை வருகிறதா?

வணக்கம் நண்பரே. இரட்டை அடித்தள எண்ணெய்க் கப்பலின் நடுவெட்டுக்கு (நடுப்பகுதியின் குறுக்குவெட்டு) ஸ்மித் முறையில் (வெட்டைச் சிறு துண்டுகளாகப் பிரித்து, வளைவைப் படிப்படியாகக் கூட்டிப் பார்க்கும் முறை) கணக்கிட்டதில், ஹாகிங் (கப்பலின் நடு மேலெழும்பி வளைவது), சாகிங் (நடு கீழே தொய்வது) இரண்டுக்கும் இறுதி வலிமை (வளைவுக்கு எதிராக உடற்கூடு தாங்கும் உச்ச அளவு) ஏறக்குறைய ஒன்றாகவே வருகிறது, சரியா என்று கேட்டிருந்தீர்கள். எனக்குச் சரியாகப் படவில்லை. துண்டுகளின் இழுவிசைக்குக் கொடுத்த தகைவு-திரிபு வளைகோட்டையே (எவ்வளவு உருமாறினால் எவ்வளவு விசை தாங்கும் என்பது) அழுத்தத்துக்கும் கொடுத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். இழுபடும் தகடு யீல்ட் (உலோகம் நிரந்தரமாக நீளத் தொடங்கும் நிலை) வரை தாங்கும். அழுத்தப்படும் தகடும் ஸ்டிஃபனரும் (தகட்டை விறைப்பாக்கும் சட்டம்) பெரும்பாலும் அதற்கு முன்பே பக்கிள் ஆகிவிடும், அதாவது பக்கவாட்டில் நெளிந்துவிடும். அதன்பின் அவை தாங்கும் பாரம் குறைந்துகொண்டே போகும். சாகிங்கில் அழுத்தம் வாங்குவது மேல்தளம். அடியில் இருப்பதுபோல அங்கே இரட்டைத் தகடு கிடையாதே! அதனால் சாகிங் எண் பொதுவாகக் குறைவாகத்தான் வரும்.

ஒவ்வொரு வளைவுப் படியிலும் மொத்த அச்சுவிசை பூஜ்யமாகும்படி நடுநிலை அச்சை (இழுவிசையும் அழுத்தமும் இல்லாத கோடு) நகர்த்துகிறீர்களா என்றும் பாருங்கள்.

தயவுசெய்து நடுவெட்டோடு நிறுத்திவிடாதீர்கள். 2007 ஜனவரியில் ஆங்கிலக் கால்வாயில் ‘எம்எஸ்சி நாப்போலி’ சரக்குப்பெட்டிக் கப்பலின் உடற்கூடு முறிந்தது நடுவில் அல்ல, இயந்திர அறைப் பகுதியில். நீளவாட்டுச் சட்டங்கள் போய்க் குறுக்குச் சட்டங்கள் வரும் இடம் அது. அடித்தகடு அங்கேதான் பக்கிள் ஆனது.

அச்சு நகர்வு அட்டவணையை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.