லடாக் மலையேற்றம்: பம்ப் அடுப்பில் எந்த எண்ணெய்?

கேள்வி: மூன்று பேர், ஆறு நாள் லடாக்கில் மலையேறப் போகிறோம். பெட்ரோல், மண்ணெண்ணெய், டீசல் எதிலும் எரியும் கையடக்க பம்ப் அடுப்பு வாங்கியிருக்கிறோம். எதை ஊற்றுவது, எவ்வளவு கொண்டுபோவது? – வாசகர், கோவை

பதில்: மண்ணெண்ணெயே ஊற்றுங்கள். பெட்ரோல் சட்டென்று பற்றும் என்பது உண்மைதான். ஆனால் இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும், சில வகை ரப்பர் ஓ-ரிங்குகளை உப்ப வைக்கும். பம்ப் ஓரம் கசிந்தால், எரிகிற பர்னர் பக்கத்திலேயே இருக்கிறது. பெட்ரோல் ஆவியோ கடுங்குளிரிலும் தீப்பிடிக்கும். மண்ணெண்ணெய் 35 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் ஆவி பற்றும்.

டீசல் வேறு எதுவும் கிடைக்காதபோது மட்டும். கரி அப்பும், குளிரில் மெழுகு கட்டும். லடாக் வண்டிகளுக்கே அதனால் 2019-ல் மைனஸ் 33 டிகிரி வரை உறையாத குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் கொண்டுவந்தது.

எண்ணெய்க்குத் தகுந்த நிப்பிள் (எண்ணெய் பீறிட்டு வரும் சிறு துளையுள்ள திருகு) போட மறக்காதீர்கள். பிரைமஸ் ஆம்னிஃபியூவல் அடுப்பில் பெட்ரோலுக்கு 0.37 மி.மீ. துளை, மண்ணெண்ணெய்க்கும் டீசலுக்கும் 0.28. பெட்ரோல் நிப்பிளில் மண்ணெண்ணெய் விட்டால், காற்றுக்கு மிஞ்சிய எண்ணெய் வந்து மஞ்சள் சுவாலையும் கரியுமாக எரியும். எண் நிப்பிளிலேயே பொறித்திருக்கும். வீட்டிலேயே மாற்றி, ஒரு தடவை எரித்துப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

பழைய பம்ப் ஸ்டவ் பற்றவைத்தவர்களுக்கு அடுத்த வேலை புதிதல்ல. பர்னருக்குக் கீழுள்ள கிண்ணத்தில் ஒரு தேக்கரண்டி ஸ்பிரிட் விட்டுப் பற்றவையுங்கள். அது அணையப்போகும் நேரத்தில் வால்வைக் கொஞ்சமாகத் திறங்கள். நீலமாக, 'உஸ்' என்று எரிந்தால் சரி. மஞ்சளாக ஓரடி எழும்பினால் எண்ணெய் இன்னும் ஆவியாகவில்லை. உடனே மூடுங்கள். முழுக்க ஆறிய பிறகே மறுபடி ஸ்பிரிட். சூடான கிண்ணத்தில் ஊற்றினால் கையிலேயே பற்றிக்கொள்ளும். ஸ்பிரிட் கிடைக்காவிட்டால் மருந்துக்கடை சானிடைசர் ஜெல் உதவும்.

ஆளுக்கு நாளைக்கு 120 மி.லி. வைத்தால் 2.2 லிட்டர் ஆகிறது. பனியை உருக்கித்தான் தண்ணீர் என்றால் இரட்டிப்பாக்குங்கள். அடுப்போடு இணைக்கும் எண்ணெய் பாட்டிலில் ஐந்தில் ஒரு பங்கு காலியாக இருக்கட்டும். அங்கேதான் காற்றழுத்தம் நிற்கும். விமானத்தில் எண்ணெய் ஏற்ற முடியாது, லே போய் வாங்குங்கள்.

கேள்வி: இரண்டே நாளில் சுவாலை சிறுத்துவிடுகிறது. ஏன்? – வாசகர், திருச்சி

பதில்: நிப்பிளில் கரி அடைத்திருக்கும். ஆறிய பிறகு அடுப்போடு வந்த ஊசியால் குத்துங்கள். தையல் ஊசி துளையைப் பெரிதாக்கிவிடும். அப்புறமும் சரியாகாவிட்டால் எண்ணெய்க் குழாயைப் பாருங்கள். சில மாடல்களில் உள்ளே ஒரு கம்பிவடம் இருக்கும். உருவித் துடைத்துச் செருகுங்கள். கலங்கல் எண்ணெயானால் இது திரும்பத் திரும்ப வரும். வாங்கியதை ஓரிரவு அசையாமல் வைத்து, அடியிலுள்ளதை விட்டு, மேலாக இறுத்து, மெல்லிய காய்ந்த துணியில் வடிகட்டுங்கள்.

கேள்வி: ஸ்பிரிட்டையே பாட்டிலில் ஊற்றி எரிக்கலாமா?

பதில்: வேண்டாம். இந்த நிப்பிள் அதற்கானதல்ல, வாஷர்களையும் அரிக்கும். சூடும் போதாது: ஒரு கிலோ மண்ணெண்ணெயில் சுமார் 43 மெகாஜூல், ஸ்பிரிட்டின் பெரும்பகுதியான எத்தனாலில் 27-தான்.

கேள்வி: குளிர் தாங்காமல் கூடாரத்துக்குள் வைத்து எரிக்கலாமா?

பதில்: எந்த எண்ணெயானாலும் கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாடை இல்லை. தலைவலி, உயரத்தால் வரும் மலைநோய் போலத் தோன்றும், அப்படியே மயக்கம் வந்துவிடும். வெளியே கல் அடுக்கிக் காற்றை மறையுங்கள், ஆனால் எண்ணெய் பாட்டில் மறைப்புக்கு வெளியே இருக்க வேண்டும்.