ஸ்டிங்கைக் காட்டும் மகனுக்கு என்ன பதில் சொல்வது?

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. மகன் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறான், கல்லூரி பேண்டில் பாடுகிறான். படிப்பை விட்டுவிட்டுத் தனியாகப் பாட்டு வெளியிடப் போவதாகச் சொல்கிறான். ஏன் என்று கேட்டால் "ஸ்டிங்கைப் பாருங்கள்" என்கிறான். உங்களுக்குப் பயம் வருவது நியாயம்தான். ஆனால் அவன் காட்டியிருப்பது நல்ல உதாரணம். அந்த மனிதரின் வாழ்க்கையை முதலிலிருந்து அவனோடு உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் நடக்கும் சண்டை பாதி தணிந்துவிடும்.

ஸ்டிங் இங்கிலாந்தின் புகழ்பெற்ற ராக் பாடகர், பாட்டெழுதுபவர். இயற்பெயர் கார்டன் சம்னர். 1951ல் இங்கிலாந்தின் வடகிழக்கில், வால்சென்ட் என்ற கப்பல் கட்டும் ஊரில் பிறந்தவர். அப்பாவுக்குப் பால் வியாபாரம், அம்மா முடி திருத்தும் தொழில் தெரிந்தவர். விடியும் முன்பே அப்பாவோடு வீடு வீடாகப் பால் போடப் போன பையன் அவர். பஸ் கண்டக்டர், கட்டட வேலை, வரி அலுவலகம் என்று கிடைத்த வேலையையெல்லாம் பார்த்தார். பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து 1974ல் படிப்பை முடித்தார். கிராம்லிங்டன் என்ற ஊரில் இரண்டு வருடம் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார்.

உங்கள் மகன் இந்தப் பகுதியைக் கவனிக்காமல் தாண்டிப் போயிருப்பான். என்னைக் கேட்டால் அந்த வாழ்க்கையில் அவன் நிறுத்திப் படிக்க வேண்டிய இடம் இதுதான். படித்த காலத்திலும் வேலை பார்த்த காலத்திலும், சாயங்காலமும் வார இறுதியும் அவருக்கு இசைக்குத்தான். தன்னைவிட வயதில் மூத்தவர்களோடு ஜாஸ் குழுக்களில் பேஸ் கிட்டார் வாசித்தார். ஸ்டிங் (கொடுக்கு) என்ற பெயரே அப்படி ஒரு குழுவில் அவர் தேனீ மாதிரி போட்டிருந்த கறுப்பு மஞ்சள் கோடு ஸ்வெட்டரால் வந்தது. லாஸ்ட் எக்ஸிட் என்ற குழுவில் சொந்தப் பாட்டுகளை எழுதிப் பழகினார். பின்னாளில் உலகம் கேட்ட அவருடைய பாட்டுகள் சிலவற்றுக்கு விதை விழுந்தது அங்கேதான். மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்ததால், அந்தக் குழுக்கள் தனக்குச் சோறு போட வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. நிதானமாகக் கற்றுக்கொள்ள முடிந்தது.

அதே சமயம் உங்களிடமும் ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த வேலையை அவர் விட்டார். 1977 ஜனவரியில், மனைவியோடும் பிறந்து சில மாதமே ஆன குழந்தையோடும் லண்டனுக்குக் குடிபோனார். ஆகவே "வேலையில் இருந்துகொண்டு பொழுதுபோக்காகப் பாடு" என்று உங்கள் மகனிடம் சொல்லாதீர்கள். அவன் நம்பவும் மாட்டான், அது சரியான பதிலும் இல்லை. என்றைக்காவது விடத்தான் வேண்டும். எதையெல்லாம் கற்று முடித்த பிறகு விடுகிறான் என்பதைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும்.

லண்டனில் டிரம்ஸ் வாசித்த ஸ்டூவர்ட் கோப்லண்டோடு சேர்ந்து தொடங்கியதுதான் தி போலீஸ் என்ற ராக் குழு. கிட்டாருக்கு ஆண்டி சம்மர்ஸ் வந்து சேர்ந்தார். பஞ்சமான காலம் அது. மூன்று பேரும் தலைமுடியை மஞ்சளாக்கிக்கொண்டது ஒரு சூயிங்கம் விளம்பரத்துக்காகத்தான். 1978ல் முதல் முறை அமெரிக்கா போனபோது ஒரு வேனில் ஊர் ஊராகச் சுற்றிச் சின்னச் சின்ன கிளப்புகளில் வாசித்தார்கள். இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டபோது பெரிய முன்பணம் கேட்காமல், ராயல்டி, அதாவது விற்பனையில் வரும் பங்கின் விகிதத்தைக் கூட்டி வாங்கிக்கொண்டார்கள். கையில் காசு இல்லாத ஒருவனுக்கு அப்படி முடிவெடுப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்கள் மகனையே யோசிக்கச் சொல்லுங்கள்.

1983 ஆகஸ்டில் நியூயார்க்கின் ஷே ஸ்டேடியத்தில், சுமார் 70,000 பேர் முன்னால் போலீஸ் குழு வாசித்தது. இதற்கு மேல் ஏற உயரம் இல்லை, விலகிவிடலாம் என்று அன்றே தோன்றியதாக ஸ்டிங் பின்னாளில் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். 1985ல் முதல் தனி ஆல்பம் வந்தது. அதற்கு அவர் யாரைச் சேர்த்துக்கொண்டார் என்று பாருங்கள்: சாக்சபோன் வாசிக்கும் பிரான்ஃபோர்ட் மார்சாலிஸ், கீபோர்டில் கென்னி கிர்க்லண்ட், பேஸில் டேரில் ஜோன்ஸ், டிரம்ஸில் ஓமர் ஹக்கிம். எல்லோரும் ஜாஸில் கைதேர்ந்தவர்கள். அவர்கள் நடுவில் நின்று பாட அவருக்குத் துணிச்சல் தந்தது, வால்சென்டுக்குப் பக்கத்து நகரமான நியூகாசிலில் ஜாஸ் குழுக்களோடு கழித்த அந்தச் சாயங்காலங்கள்தான். தனிக் கலைஞர் என்றால் தனியாள் என்று உங்கள் மகன் நினைத்திருந்தால் அதைத் திருத்துங்கள். தனியாகப் போகிறவருக்குத்தான் தன்னைவிடத் திறமையான கூட்டாளிகளைத் தேடிப் பிடிக்கவும், அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கவும் தெரிய வேண்டும்.

இனி பணம். நீங்கள் தூங்காமல் யோசிப்பது இதைத்தான் என்று தெரியும். போலீஸின் 1983ஆம் ஆண்டுப் பாட்டு 'எவ்ரி பிரெத் யூ டேக்'. அதை எழுதியவர் என்று பதிவாகியிருப்பது ஸ்டிங் பெயர் மட்டும். அதில் வரும் கிட்டார் வாசிப்பை உலகமே அடையாளம் சொல்லும், அதை வாசித்தவர் சம்மர்ஸ். ஆனாலும் பாட்டை எழுதியவருக்கான ராயல்டி ஸ்டிங்குக்குத்தான் போனது. மூவருக்கும் இடையே பணப் பங்கு பற்றிய வழக்கு 2025ல் லண்டன் உயர் நீதிமன்றத்துக்கே போய்விட்டது. நண்பர்களாகச் சேர்ந்து பாட்டுப் போடும்போது யார் எழுதியது, யார் மெட்டமைத்தது, யாருக்கு எத்தனை சதவீதம் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நட்புக்கு விரோதமான காரியம் இல்லை, நட்பைக் காப்பாற்றுகிற காரியம். நம் நாட்டிலும் 2012ல் பதிப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்ட பிறகு, பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் ராயல்டியில் உள்ள பங்கை மொத்தமாக எழுதி வாங்கிவிட முடியாது. ஐபிஆர்எஸ் என்ற அமைப்பில் உறுப்பினரானால் அந்தத் தொகையை வசூலித்துத் தருவார்கள். பாடகர்களுக்கும் வாத்தியக் கலைஞர்களுக்கும் இசாம்ரா (முன்பு இஸ்ரா) என்று தனி அமைப்பு இருக்கிறது. உங்கள் மகன் வெளியிடப் போகும் முதல் பாட்டுக்கு முன்பே இதையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

சம்பாதித்ததைக் காப்பதும் தனிப் பாடம். ஸ்டிங்கின் கணக்காளரே அவர் பணத்தில் சுமார் 60 லட்சம் பவுண்டைத் திருடி, 1995ல் சிறைக்குப் போனார். கணக்கு வழக்கு தெரியாத கலைஞனுக்கு எவ்வளவு புகழ் இருந்தாலும் பாதுகாப்பு இல்லை.

தோல்வியும் அவருக்கு வந்தது. பிறந்த ஊரின் கப்பல் தொழிலாளர்களைப் பற்றி அவர் உருவாக்கிய இசை நாடகம் 2014ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் மேடையேறியது. கூட்டம் வரவில்லை. டிக்கெட் விற்க வேண்டும் என்பதற்காக அவரே அதில் நடிக்கப் போனார், அப்படியும் 2015 ஜனவரியில் நாடகம் நின்றுபோனது. அப்போது அவருக்கு 63 வயது. அவர் தொழிலை விட்டுவிடவில்லை.

என் ஆலோசனை இது. மூன்றாம் வருடம் நடக்கிறது, அதற்குப் பிறகு பாக்கி ஒரு வருடம்தான். அரியர் வைக்காமல் படிப்பை முடிக்கட்டும். அதற்கு ஈடாக நீங்களும் ஒரு வாக்குக் கொடுங்கள்: சாயங்காலமும் சனி ஞாயிறும் அவனுடையவை, ஒத்திகைக்குப் போனால் முகம் சுளிக்க மாட்டேன் என்று. அந்த நேரத்தில் அவன் ஒரு வாத்தியத்தையாவது ஒழுங்காகக் கற்கட்டும், இசைக் குறியீடு படிக்கப் பழகட்டும், தன்னைவிட அனுபவசாலிகளோடு வாசிக்கட்டும். டிகிரி கையில் வந்த பிறகு எவ்வளவு காலம் முழுநேரமாக முயல்வது, அதுவரை வீட்டுச் செலவை யார் பார்ப்பது என்று மூன்று பேரும் உட்கார்ந்து பேசி எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரும்போது அவனையும் அவன் அப்பாவையும் கூட்டி வாருங்கள். அவனே எழுதி மெட்டமைத்த பாட்டுகள் எத்தனை இருந்தாலும், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, கொண்டுவரச் சொல்லுங்கள். அவற்றைக் கேட்டுவிட்டு மற்றதைப் பேசலாம்.