பதில்: வால்பாறையில் பார்த்த ஆர்க்கிட் புது இனமா?

வணக்கங்க. வால்பாறைப் பக்கம் காத்துல முறிஞ்சு விழுந்த கிளையில ஒரு சின்ன ஆர்க்கிட் பூத்திருக்கு, எந்தப் புத்தகத்தோடயும் ஒத்துவரல, புது இனமா இருந்தா எப்படி விவரிக்கிறதுன்னு கேட்டிருந்தீங்க.

முதல்ல, படத்தோட போட்ட இடக்குறியை இன்னைக்கே எடுத்துருங்க. அரிய செடின்னா சாக்கோட கிளம்பி வர்றவங்க இருக்காங்க.

அப்புறம் பூவைப் பாருங்க. இலையும் தண்டும் பல இனத்துக்கு ஒண்ணுபோலவே இருக்கும், வித்தியாசம் உதட்டிதழ்லதான், அதாவது மத்த இதழ்கள்லேர்ந்து வேற மாதிரி இருக்கற அந்த ஒரு இதழ்ல. கைலென்ஸ் வெச்சு, எத்தனை மடல், நடுவுல மேடு உண்டா, ஓரத்துல முடி உண்டா, எல்லாத்தையும் மில்லிமீட்டர் அளவோட எழுதுங்க. பூ நடுவுல இருக்கற தூணோட நுனி மூடியைக் குண்டூசியால மெதுவாத் தூக்கினா மஞ்சளா மகரந்தக் கட்டிகள் தெரியும். ரெண்டா, நாலா, எட்டான்னு எண்ணுங்க. பேரினத்தை, அதாவது நெருங்கின இனங்கள் சேர்ந்த குழுவை, முடிவு பண்ண அந்த எண்ணிக்கை ரொம்ப முக்கியம். ரெண்டு பூவை 70 சதவீத ஆல்கஹால்ல போட்டு வைங்க. நான் ஒருதடவை தாள்ல அழுத்தி மட்டும் வெச்சு, உதடு சப்பையா ஒட்டிப்போய் மேடு ஒண்ணும் தெரியல. இன்னும் மனசு ஆறலைங்க.

கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்துல இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தோட தென்மண்டல மையம் இருக்கு. அங்க உலர்தாவரத் தொகுப்போட, அதாவது அழுத்திக் காயவெச்சு சேர்த்து வெச்சிருக்கற செடிகளோட, ஒப்பிட்டே ஆகணும். புதுசுதான்னா, ஒரு மாதிரியை மூலமாதிரின்னு, அதாவது அந்தப் பேருக்கு ஆதாரமான செடின்னு குறிச்சு இப்படி ஒரு தொகுப்புல வெச்சாத்தான் பேர் செல்லும். புது இனத்தோட விவரிப்புக்கு 2012லிருந்து லத்தீன் கட்டாயமில்ல, ஆங்கிலத்துலயே எழுதலாம்.

காட்டுக்குள்ள வேற செடி எடுக்கறதுன்னா வனத்துறை அனுமதி வாங்கிட்டுப் போங்க. இதே ஆர்க்கிட் இன்னும் எத்தனை இருக்குன்னு மட்டும் பறிக்காம எண்ணிட்டு வாங்க. முதிர்ந்த செடி மொத்தமே 50க்குக் கீழன்னா, அழியற ஆபத்துல இருக்கற உயிரினங்களைப் பட்டியல் போடற செம்பட்டியலோட (IUCN Red List) அளவுகோல்ல அது மிக அருகிய இனம்.