லிதுவேனியாவின் புத்தாண்டு – கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் லிதுவேனியாவில், கௌனாஸ் நகரில் மருத்துவம் படிக்கிறாள். டிசம்பர் 31 இரவு வீடியோவில் பேசினாள். வாணவேடிக்கை, ஷாம்பெயின், அப்புறம் தூக்கம், அவ்வளவுதான் என்றாள். அவர்களுக்கென்று ஒரு புத்தாண்டுச் சடங்குகூடக் கிடையாதா? எல்லாமே இறக்குமதிதானா?

க., திருச்சி

அன்புள்ள க.,

உங்கள் மகள் பார்த்தது சரிதான். ஒரு வாரம் தாமதமாகப் பார்த்துவிட்டார்.

ஆண்டு திரும்புவதற்கான சடங்குகளில் பெரும்பாலானவை டிசம்பர் 24 இரவில் நடந்து முடிந்துவிடுகின்றன. அந்த இரவுக்குக் கூச்சியோஸ் என்று பெயர். முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே சாப்பிட உட்காருவார்கள். மேஜை விரிப்புக்கு அடியில் உலர்ந்த புல் பரப்பியிருக்கும். பன்னிரண்டு பதார்த்தங்கள், இறைச்சி, பால், முட்டை எதற்கும் இடமில்லை. ஹெர்ரிங் மீன், காளான், பீட்ரூட், குருதிநெல்லி (கிரான்பெரி) கூழ், கசகசாப் பாலில் ஊறும் குட்டி ரொட்டிகள். பன்னிரண்டு என்பது இயேசுவின் சீடர்கள் என்கிறது தேவாலயம். வரப்போகும் ஆண்டின் மாதங்கள் என்றும் ஒரு விளக்கம் உண்டு. எனக்கு அதுதான் பழையதாகத் தெரிகிறது. அந்த வருடம் குடும்பத்தில் யாராவது இறந்திருந்தால் அவருக்கும் ஒரு இடம் உண்டு. சாப்பிட்ட பின் மேஜையை ஒழிக்காமல் விட்டுவிடுவார்கள், இரவில் முன்னோர் வந்து உண்பதற்காக.

குறி பார்ப்பதும் அன்றுதான். விரிப்புக்கு அடியிலிருந்து ஆளுக்கொரு புல்லை உருவுவார்கள். நீளமாக வந்தால் நீண்ட ஆயுள். கல்யாணமாகாத பெண்கள் ஒரு கை விறகை அள்ளி வந்து எண்ணுவார்கள். இரட்டைப்படை வந்தால் அந்த ஆண்டே கல்யாணம். இதில் சில 31ஆம் தேதிக்கும் நீள்வதுண்டு. முதல் நாள் எப்படியோ ஆண்டு முழுக்க அப்படியே என்ற நம்பிக்கையால் ஜனவரி 1 அன்று சண்டை போடக் கூடாது.

சரி, 31ஆம் தேதிக்கு இவ்வளவு ஆரவாரம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி சோவியத் ஆட்சியிலிருந்து. அப்போது கிறிஸ்துமஸ் வேலை நாள். மரம் புத்தாண்டு மரமானது. பரிசு கொண்டுவரும் கிழவர் 'உறைபனித் தாத்தா' ஆனார். கூச்சியோஸ் திரைச்சீலை இழுத்த வீடுகளுக்குள் ஒதுங்கியது. ஒரு பண்டிகையை ஒடுக்க இன்னொன்றைப் பெரிதாக்குவது ஆட்சியாளர்களின் பழைய உத்தி. ஆனால் மக்கள் இரண்டையும் வைத்துக்கொண்டார்கள்! இன்றும் 31 இரவு மேஜையில் உருளைக்கிழங்கு, பட்டாணி, ஊறுகாய் வெள்ளரி, மயோனைஸ் கலந்த வெள்ளை சாலட் இல்லாமல் இருக்காது. ரஷ்ய மொழி பேசும் சில வீடுகளில் மாஸ்கோவில் நள்ளிரவாகும்போது, உள்ளூர் நேரம் பதினொரு மணிக்கே, ஒருமுறை கோப்பையை உயர்த்தி, பன்னிரண்டுக்கு மறுபடியும் உயர்த்துவார்கள்.

ஜனவரி 1 காலைக்கு வேறொரு கதை இருக்கிறது. அதை யாரும் இறக்குமதி என்று சொல்ல முடியாது. 1919இல் அதே நாளில் தலைநகர் வில்னியஸின் கெடிமினாஸ் கோபுரத்தில் தன்னார்வப் படையினர் சிலர் மஞ்சள், பச்சை, சிவப்பு நிற லிதுவேனியக் கொடியை முதன்முதலாக ஏற்றினார்கள். சோவியத் ரஷ்யாவின் செஞ்சேனை நெருங்கிக்கொண்டிருந்தது. மறுநாளே அரசு கௌனாஸுக்கு, அதாவது உங்கள் மகள் படிக்கும் ஊருக்கு, இடம் மாறியது. சில நாட்களில் வில்னியஸ் விழுந்தது. ஜனவரி 1 இப்போது அங்கே கொடி நாளும்கூட. ஆண்டுதோறும் அன்று அதே கோபுரத்தில் பழைய கொடியை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்றுகிறார்கள்.